ஈரக் கழிவு

அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு நோய், என்று தெரியவந்த அந்த டிசம்பர் விடுமுறையைப்போல் குதூகலமான விடுமுறை எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. பூண்டுலோயாவுக்கு மேலே, முற்பகல்வரை பனிமூட்டம் விலகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா எங்களுடையது. அதற்கு அடுத்தது அத்தையின் காம்பரா. அப்பாவின் மூத்த சகோதரியான அத்தையே எங்கள் இரு குடும்பங்களுக்கும் நீதிபதி. வைத்தியர் பதவியையும் அவரே வகித்தார்.

அம்மா கொழுந்து பறிப்பவர். முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இயல்பிலேயே மெலிந்தவர், அந்த மழைக்காலத்தில் இன்னும் மெலிந்தார். மலைக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தல் ஒன்று இரண்டாயிற்று. ஒருநாள் கூடையோடு சரிவில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டவரைத் தோட்டத்து மருந்துக்காரர் பார்த்து, நுவரெலியாவில் காட்டும்படி அனுப்பிவைத்தார். அப்பாவுக்கு ஆலையில் வேலை. ஆகவே அத்தை துணைக்குப் போனார். பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று வாதாடி நானும் ஒட்டிக்கொண்டேன். வழி நெடுக ஜன்னலோர இருக்கை எனக்கே கிடைத்தது. நோய் இப்படிப்பட்ட நன்மைகளுடன் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அங்கிருந்த டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. எங்களுக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

“ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு, சின்ன வயசுல வாறது. அதுக்கு ஊசி வேணும். மத்தது, வயசு போனாப் பொறகு வாறது. அதுக்கு மாத்திரை சரி. உங்களுக்கு வயசு நடுவுல. உடம்பும் மெலிவு. எந்தச் சாதின்னு இப்ப சொல்ல ஏலாது. ரத்தம் கொழும்புக்குப் போகும்.”

“சீனிக்குமா சாதி பாக்குறாங்க?” என்று அத்தை அம்மாவின் காதில் கேட்டார். பிறகு கூரையைப் பார்த்துக் கைகூப்பி, “மாத்திரைச் சாதியாவே இருக்கட்டும் சாமி” என்றார்.

அந்த வேண்டுதலின் கனம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர் ஒருவரே. அவருக்கு ஒரு கால் இல்லை. ஊசி என்றால் வேளைக்குச் சாப்பிட வேண்டும், வேளைக்குக் குத்திக்கொள்ள வேண்டும். ஒரு மரத்தின் மறைவுகூட இல்லாத தேயிலைச் சரிவில் அது நடக்கிற காரியமா? மலைக்குப் போக முடியாதவளின் பெயரைத் தோட்டம் தன் பதிவேட்டில் எத்தனை காலம் வைத்திருக்கும்? மாத்திரை என்றால் அம்மாவின் முதுகில் கூடை இருக்கும், ஊசி என்றால் இறங்கிவிடும். பெரியவர்கள் அப்படித்தான் கணக்கிட்டார்கள். எனக்கோ அது பரீட்சைப் பெறுபேறு. கொழும்பிலிருந்து யாரோ ஒருவர் எங்கள் அம்மாவுக்காகவே ஒரு விடையை அனுப்பப்போகிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

விடை வரும்வரை மாத்திரை என்றார் டாக்டர். தினமும் காலையில், கையை நன்றாகக் கழுவிவிட்டு, வீட்டிலேயே சீனி பார்க்க வேண்டும். முந்நூறைத் தாண்டினாலோ வாந்தி வந்தாலோ திகதிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலைசெய்த மாமா, அம்மாவின் தம்பி, அந்த வாரக் கடைசியிலேயே சீனி பார்க்கும் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளங்கையளவு கருவி. விரலைக் குத்த ஒரு பேனா, இரத்தத் துளியை உறிஞ்சச் சின்னஞ்சிறு பட்டைகள். லயமே எங்கள் இஸ்தோப்பில், முன் திண்ணையில், கூடிவிட்டது.

“ஒண்ணும் வலிக்காதுக்கா. கொசு கடிச்ச மாதிரித்தான்” என்றார் மாமா.

“இந்தக் குளிருக்குக் கொசு எங்கடா இருக்கு? அட்டை கடிச்ச மாதிரின்னு சொல்லு, எங்களுக்கு வெளங்கும்” என்றார் அத்தை.

மெஷின் கூவியது. எண்ணை வாசிக்கும் உரிமை எனக்கு. “இருநூத்தி அறுவது!” என்று நான் கத்தியதற்குக் கைதட்டல்கூட விழுந்தது. அத்தை மட்டும் கைதட்டவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, புறங்கையைத் தடவிப் பார்த்தார்.

“கை ஈரமா இருக்கே. ஈரம் கழிச்சியா?”

மாமா விழித்தார். கூடியிருந்த பெண்களில் ஒருவரும் விழிக்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தராசில் தொங்கவிட்டால் முள் ஓர் எண்ணைக் காட்டும். கணக்கப்பிள்ளை எழுதுவதோ வேறோர் எண். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் இலையில் நிற்கும் தண்ணீருக்கு இன்னொரு கழிவு. வெயில் நாளிலும் அந்த ஈரம் சில வேளைகளில் காய்வதில்லை. முள் காட்டுவது ஒன்று, நமக்கென்று நிற்பது மற்றொன்று என்பது எங்கள் பெண்களுக்கு எழுத்தறிவுக்கும் முந்திய அறிவு.

“கழுவின கையில குத்துனா தண்ணியும் சேந்துதானே ஏறும்?” என்றார் அத்தை. “அந்தக் காயிதத் துண்டுக்கும் ஒரு நிறை இருக்குமில்ல? ஈரத்துக்குப் பத்து, சாக்குக்குப் பத்து. இருநூத்தி நாப்பது.”

“மதினி கழிச்சா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார் அம்மா. பல வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். ஆகவே அந்தக் கழிவு எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார், கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

அதன் பின் ஒவ்வொரு விடியலும் திருவிழாதான். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே எங்கள் இஸ்தோப்பில் நின்று, “இன்னைக்கு எத்தனடி பாப்பா?” என்று கேட்டுவிட்டே நகர்ந்தார்கள். நான் முழு எண்ணைக் கூவுவேன். அத்தை, கணக்கப்பிள்ளையின் குரலை அப்படியே வரவழைத்து, “ஈரம் போக, சாக்குப் போக…” என்று கழிவு எண்ணை அறிவிப்பார். ஒரே சிரிப்பு. எண்ணோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு வந்தது. எனக்கு அது கிரிக்கெட் ஆட்டத்தில் ஓட்டம் ஏறுவது போலவே இருந்தது. “நாளைக்கு முந்நூறு அடிச்சிருவா பாரு” என்று ஒருத்தி சொன்னபோது நான் துள்ளினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வந்த காலையில் என் குரல் லயம் முழுக்கக் கேட்டது. அத்தை அம்மாவைப் பார்த்தார். அம்மா அத்தையைப் பார்த்தார்.

“ஈரம் போக, சாக்குப் போக, இருநூத்தித் தொண்ணூத்திரெண்டு” என்றார் அத்தை. அன்று கணக்கப்பிள்ளையின் குரல் வரவில்லை, அவருடைய சொந்தக் குரலே வந்தது. இருவரும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

அன்று மாலையும் மறுநாளும் அம்மாவின் மூச்சில் பழுத்த பேரிக்காய் வாசனை வீசியது. எனக்குத் தெரியாமல் எங்கோ பேரிக்காய் ஒளித்துவைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, அரிசி வாளிக்குள்ளும் அடுப்புக்குப் பின்னாலும் தேடினேன். புதையல் தேடும் உற்சாகம். வீட்டுக்குப் பின்புறம் அவர் வாந்தியெடுத்ததைக் கண்டபோது, பாவம், பேரிக்காயை அளவுக்கு மீறித் தின்றுவிட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் பகல், தேத்தண்ணிப் போத்தலோடு நான் மடுவத்துக்குப் போனபோது, நிறுவைக்கு வரிசையில் நின்ற அம்மா சாக்கின் மேலேயே சாய்ந்தார். கூப்பிட்டால் கண் திறந்தது, பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் ஓடி வந்தவருடையதைப்போல் இழுத்து இழுத்து வாங்கியது. கொழுந்து லொறி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. ஆலைக்குப் பேசி அனுமதி வாங்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை போனைத் தேடினார்.

“ஏன், தொரைகிட்டக் கேட்டுட்டுத்தான் சாவணுமா?” என்று அத்தை போட்ட சத்தத்தில் டிரைவர் தானாகவே பின்கதவை இறக்கினார்.

நான் வாழ்வில் முதன்முதலாகக் கொழுந்து லொறியில் ஏறினேன். அம்மாவைச் சாக்குகளின் மேல் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டார் அத்தை. நானோ ஆக உயர்ந்த சாக்கின் மேல் உட்கார்ந்தேன். வளைவுக்கு வளைவு மலை கீழே சுழன்று இறங்கியது. பச்சைக் கொழுந்தின் வாசனையோடு காற்று முகத்தில் அறைந்தது. பாலத்தடியில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். அவர்களின் முகத்தில் தெரிந்த பொறாமை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. “உக்காருடி” என்று அத்தை ஒருமுறைகூட அதட்டாதது ஆச்சரியமாக இருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், தமிழர், அம்மாவுக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்: “வீட்டுல சீனி பாத்தீங்களா? எவ்வளவு இருந்திச்சு?”

“முந்தாநாள் முந்நூத்திப் பன்னெண்டுங்க. கழிச்சு இருநூத்தித் தொண்ணூத்திரெண்டு. நேத்து அதுக்கும் மேலங்க.”

“கழிச்சா? என்னத்தக் கழிச்சீங்க?”

அத்தை சொன்னார். ஒளிக்காமல், ஈரத்துக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு என்று பிரித்தே சொன்னார். டாக்டரின் கை நின்றது.

“அம்மா, இது கழிக்கிற மெஷின் இல்லம்மா.”

“கழிக்காத மெஷின நாங்க எங்கங்கய்யா பாத்தோம்?”

“மூச்சுல பழ வாசனை அடிக்குது, சீனி முத்திட்டுது” என்று அவர் தாதியிடம் சொன்னார். ஆம்புலன்ஸை வரச்சொல்லி, அம்மாவை நுவரெலியாவுக்கு அனுப்பினார். அந்த வண்டியின் சத்தம் மலைகளில் எதிரொலித்து மறையும்வரை நான் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். அது எங்கள் அம்மாவுக்கான சத்தம்.

அத்தையின் கழித்தலை அறியாமை என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. சமூகக் கல்வி பயின்ற பின் நானும் சிறிது காலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். ஆனால் ஒரு தராசு மனிதர்களுக்குப் பல்லாண்டுகளாகக் கற்பித்ததை, பாவனை முறையைச் சொல்லாமல் வந்த ஒரு மெஷின் ஒரு வாரத்தில் மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது எந்த வகை அறிவு? தம் வியர்வையிலிருந்து பிறர் கழித்ததைச் சகித்தவர்கள், தம் நோயிலிருந்து ஒருமுறை தாமே கழித்துப் பார்த்தார்கள். அதில் நம்பிக்கையும் இருந்தது, அச்சமும் இருந்தது. விளைவு மட்டும் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அம்மா பிழைத்தார். ஊசியோடு வீடு திரும்பினார். இது எந்த வகையாக இருந்தாலும் இப்போதைக்கு ஊசிதான் என்றார்கள். அத்தை மெஷினை என் கையில் கொடுத்து, “நீ படிச்சத அப்படியே சொல்லு, போதும்” என்றார். அம்மா விரலை நீட்டினார்.

உடம்பு தேறியதும் அம்மா மீண்டும் மலையேறினார். தைப்பொங்கலுக்கு முன்பு மறுபடி கிளினிக் திகதி வந்தது. கொழும்பு விடையும் வந்திருந்தது. ஆனால் அந்த விடை எந்தப் பக்கமும் சாயவில்லை. “இன்னும் சொல்ல ஏலாது. இன்னொரு டெஸ்ட் அனுப்புவோம். ஊசி நிப்பாட்ட வேணாம்” என்றார் அந்தச் சிங்கள டாக்டர். ஆட்டம் முடியாமல் நீண்டதில் எனக்கு இரட்டிப்பு உற்சாகம். அம்மாவும் நானும் மட்டும் போய் வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டதால், இந்தப் பெரும் செய்தியை லயத்துக்கு அறிவிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் அத்தையும் பெண்களும் இஸ்தோப்பில் நிற்காமல் ஓடிவிட்டார்கள். பகல் சோற்று நேரத்தைக் கணித்து, செய்தியைச் சுமந்துகொண்டு நான் மலைக்கு ஓடினேன்.

தூரத்திலேயே அதைக் கண்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள், கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, முதுகை வெளிப்பக்கம் காட்டி வட்டமாக நெருங்கி நின்றார்கள். படங்குச் சாக்குகளைக் கைகளில் விரித்துப் பிடித்து இடைவெளிகளை அடைத்திருந்தார்கள். மறைவில்லாத சரிவில், ஒருத்திக்கு ஒதுங்க வேண்டிவரும்போது மற்றவர்கள் எழுப்பும் சுவர் அது. அன்று உள்ளே அம்மா இருந்தார்.

“சுருக்காக் குத்துடி, கங்காணி வாறான்.”

“வரட்டுமே, அவனுக்கும் ஒண்ணு போட்டு விடுவோம்.”

“அவனுக்கு எந்தச் சீனியும் ஏறாது. மூஞ்சிய பாத்தாலே தெரியல?”

சிரிப்பில் வட்டம் குலுங்கியது, பிரியவில்லை. புதிய விளையாட்டு என்று எண்ணி, உள்ளே நுழைய ஒவ்வொரு இடுக்காகத் தேடி நான் சுற்றிவந்தேன். ஒருவரும் வழிவிடவில்லை. அவர்கள் காலடியில் சோற்றுப் பெட்டிகள் திறக்கப்படாமல் இருந்தன. அம்மா முதலில் உண்ணும்வரை எவரும் உண்பதில்லை என்பதையோ, அந்த நேரம் எல்லாம் அவர்களின் கூடைகளில் விழாமல்போன கொழுந்து என்பதையோ நான் கவனிக்கவில்லை.

“அத்தே!” என்று கூவினேன். “கொழும்புலேருந்து வந்திருச்சு! எந்தச் சாதின்னு இன்னமும் தெரியலையாம்!”

அத்தை திரும்பவில்லை. சாக்கை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

“சரி பாப்பா. எட்டி நில்லு.”

வேறு யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது சொல்வார்கள் என்று ஒரு கேள்வி. யாரும் கேட்கவில்லை. அவ்வளவு உயரம் ஓடிவந்து நான் கொண்டுவந்த செய்திக்கு அந்த வட்டத்தில் ஏன் ஒருவருக்கும் அவசரமில்லை என்பது எனக்கு அன்று விளங்கவேயில்லை.