பச்சையாய்த் தெரிந்த மனை

காலை பத்தேகால் மணி. நாகப்பட்டினம் அருகே மகளுக்காக வாங்கிய மனையில் பூமிபூஜைக்குக் கூடியிருந்தோம். எந்த ஆண்டில் கடல் எதுவரை ஏறும் என்று காட்டும் வரைபடத்தை மகள் கைபேசியில் திறந்தாள்.

மனையை முடித்துக் கொடுத்த தரகர் காட்டிய அதே வரைபடம்தான். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். எந்த மனைக்குள்ளும் செருப்போடு நுழையமாட்டார். அதைப் பார்த்தே நம்பினேன். “பாருங்க சார், நம்ம இடம் பச்சை” என்று அவர் காட்டியபோது, திரையின் அடியில் ஆண்டை மாற்ற நகர்த்தும் கோட்டை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது. விலக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

தனக்கு என் வயதாகும் ஆண்டுக்கு மகள் வரைபடத்தை நகர்த்தினாள். மனை நீலமானது.

“வீட்டோட ஒரு படகும் வாங்கிடலாமாப்பா?”

தேங்காய் பழத்தோடு தரகர் வந்து சேர்ந்தார். கைபேசியை வாங்கி அவரிடம் காட்டினேன். முகம் மாறாமல் சொன்னார்:

“உங்க காலத்துல தண்ணி வராது சார்.”