ரைட்டர் பெயரை நீக்கிய நாள்

நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆபீஸ் வேலை. தொண்ணூறுகளில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. தாளில் ஆள்வருகை எழுதுவது நின்றது. கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பெயர், ரகசியச் சொல். அந்தப் பெயர்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் என் பொறுப்பு.

தோட்டத்தில் ஆள்வருகை குறிக்கும் ரைட்டர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். போனவர் பெயரைப் புத்தகத்தில் அடித்துவிடுவது எஸ்டேட் வழக்கம். கம்ப்யூட்டரிலும் அப்படியே நீக்கினேன். அது இங்கிலீஷில் ஏதோ கேட்டது. சரி என்று தட்டினேன். அவர் பெயரில் பதிந்திருந்த கூலிப் பெண்களின் ஒரு வருட ஆள்வருகை முழுதும் அழிந்தது. நகல் இல்லை. வருடத்தில் இத்தனை நாள் என்ற கணக்குக்குக் குறையாமல் வேலைக்கு வந்த பெண்களை மறுநாள் நிரந்தரமாக்க வேண்டும்.

மேனேஜரிடம், "கரண்ட் போய் அழிஞ்சிருச்சுங்க" என்று பொய் சொன்னேன்.

"அவங்களையே கேட்டு எழுது" என்றார்.

பெண்கள் வரிசையில் வந்தார்கள். "எத்தனை நாள் வந்த?" என்று வாழவந்தி ஊர் ராசம்மாவைக் கேட்டேன்.

"ஏனுங்க, வந்த நாளை யாரு எண்ணுவா? வராத நாளைச் சொல்றேன், எழுதிக்கங்க."

மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்கள், புருசன் செத்த வாரம். சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள். "கோயில் நோம்பிக்கு ஒரு நாள் வரலைங்க. அதையும் எழுதுங்க."

"எழுதினா ஒரு நாள் குறையும். நிரந்தரம் கிடைக்காது. யாருக்கும் தெரியாது, விடும்மா."

"எனக்குத் தெரியுமுங்களே."

எழுதினேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போய், "கரண்ட் போகலைங்க. நான்தான் அழிச்சேன்" என்றேன். ராசம்மாவுக்காகவும் கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை.

ராசம்மா அந்த வருடம் நிரந்தரமாகவில்லை. என் வேலை போகவில்லை. மேனேஜரைத் தவிர இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.