ஞாயிற்றுக்கிழமை யாருடையது

ஷாங்காயின் ஓர் அரசு பம்பு ஆலையில் ஃபிட்டராக இருந்த யின் பெய்லான், இரும்பு விஷயத்தில் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. அதற்கான விலையை இருபது வயதிலேயே கொடுத்துவிட்டாள்.

எல்லோரும் எஃகு காய்ச்ச வேண்டும் என்று மாவோ சே துங் சொன்ன 1958-ஆம் ஆண்டு அது. சந்துக்குச் சந்து மண் உலை எழும்பியது. சலவைத் தொழிலாளியான அவள் அம்மா, வீட்டிலிருந்த ஒரே வாணலியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் உலையிலிருந்து வந்த கட்டியைப் பெய்லான் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது எஃகு இல்ல, வெறும் கசடு. நல்ல வாணலி போச்சு" என்று கூட்டத்தின் நடுவிலேயே சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான்கு பக்கம் சுயவிமர்சனம் எழுத வேண்டியிருந்தது. ஆனால் அந்த நான்கு பக்கத்தையும் பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொடுத்தது கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய தொழிலாளர் பள்ளிதான். வரைபடம் படிக்கவும் அங்கேதான் கற்றாள். சலவைத் தொழிலாளியின் மகளை லேத்தின் முன்னால் நிறுத்தியவர்கள் அவர்கள். இரண்டையும் அவள் மறக்கவில்லை.

இருபத்தோரு ஆண்டுகள் போயின. மாவோ இறந்து, டெங் சியாவோபிங்கின் கை ஓங்கிய காலம். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு வந்தபோது, ஆலை வாசலில் காவலாளி ஒரு கிராமத்தானை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இதென்ன சைக்கிள் ரிப்பேர் கடையா? தூக்கிட்டுப் போய்யா!"

வந்தவன் பெயர் லூ கென்ஷெங். தைஹூ ஏரிப் பக்கம் லியூஜிங் கம்யூன் என்ற கூட்டுப் பண்ணைக் கிராமத்தில், பழைய இரும்பை வைத்து வயலுக்குப் பம்பு செய்யும் சின்னப் பட்டறை நடத்துபவன். கோணிச் சாக்கில் ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

பெய்லான் தரையில் குந்தி, பம்பின் சுழல்தண்டை விரலால் சுழற்றினாள். "ஒழுகுதா?"

"ஒழுகுதாவா! வயலுக்குப் போற தண்ணியவிட என் கால்சட்டைக்கு வர்ற தண்ணிதான் ஜாஸ்தி அக்கா."

"உள்ள இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் கனமா இருக்கு. அதான் உதறி உதறி எல்லாத்தையும் தேய்க்குது. சனிக்கிழமை வேலை முடிச்சிட்டு வரேன்."

அவள் கணவர் கூ குவோதோங் பள்ளி ஆசிரியர். வீட்டுச் சமையல் அவருடையது. கீரையைக் கிளறியபடியே கேட்டார்: "ஒருதடவை வாயால மாட்டுன. இப்பக் கையாலயும் மாட்டப் போறியா?"

"கட்டுகளைத் தளர்த்துங்கன்னு டெங்கே சொல்றாரு."

"அவரு பீஜிங்கில உக்காந்து சொல்றாரு. உங்க ஆலையில உக்காந்திருக்கிறது தாவ் ஜிங்யுவான்."

தாவ், ஆலையின் கட்சிக் கிளைச் செயலாளர். பெயரைக் கேட்டதும் பெய்லான் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கருவிப் பையைக் கட்டினாள்.

சனிக்கிழமை மாலை பஸ், அப்புறம் படகு, ஞாயிறு முழுக்கப் பட்டறை. மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. லியூஜிங் பெண்களை வரிசையாக உட்கார வைத்து, சக்கரத்தின் எடையைச் சமன் செய்யச் சொல்லிக்கொடுத்தாள். பம்பு உதறுவது நின்றது. பக்கத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கேட்டு வந்தார்கள். முதலில் அவளுக்குக் கூலி, நாணலில் கட்டிய கெண்டை மீனும் வாத்து முட்டையும். பிற்பாடு மாதம் முப்பது யுவான்.

1982-இல் பொருளாதாரக் குற்றங்களை ஒழிக்கும் இயக்கம் வந்தது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். இருநூறு பேர் கூடிய உணவுக் கூடத்தில் தாவ் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"தோழர் யின், அரசாங்கம் உங்களுக்குச் சொல்லிக்குடுத்த தொழில நீங்க விவசாயிங்களுக்கு வித்திருக்கீங்க."

"விவசாயிங்க வேற தேசத்துக்காரங்களா, தோழர் தாவ்?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

"பணம் வாங்கினீங்களா, இல்லையா?"

"வாங்கினேன். திங்கள்லேருந்து சனி வரைக்கும் உங்களுக்கு ஒரு நிமிஷம் குறைச்சிருந்தா சொல்லுங்க, கட்டிடுறேன். ஞாயித்துக்கிழமை யாரோடது? அன்னிக்கு நான் தூங்கினா குத்தமில்ல, துணி துவைச்சாக் குத்தமில்ல. வயலுக்குத் தண்ணி பாய வச்சாதான் குத்தமா?"

"தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

"அத இருபது வயசுலயே எழுதிட்டேன். இன்னொரு தடவை எழுத மாட்டேன்."

ஃபிட்டர் வேலையிலிருந்து எடுத்து, முற்றம் பெருக்க விட்டார்கள். வேறோர் ஆலையில் இதே மாதிரிப் போனவரைச் சிறையில் போட்டுவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. பயம் இல்லாமல் இல்லை. வெளியே ஜீப் சத்தம் கேட்டால் அவள் துடைப்பம் நின்றுவிடும். ஆனாலும் குனிந்த தலையோடு அவள் பெருக்கியதை யாரும் பார்த்ததில்லை.

மூன்றாம் மாதம் லியூஜிங்கிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். இருநூற்று அறுபது கட்டைவிரல் ரேகைகள் வைத்த மனு ஒன்றை லூ தாவிடம் நீட்டினான். "இவங்க எங்ககிட்ட எதையும் திருடல. எங்களுக்கு வேலை சொல்லிக்குடுத்தாங்க. இவங்களுக்குத் தண்டனைன்னா எங்களையும் சேத்துப் பெருக்கச் சொல்லுங்க. முற்றம் பெருசாத்தான இருக்கு!"

பத்திரிகைகளிலும் இதே விவாதம் நடந்தது. ஓய்வு நாளில் கைத்தொழிலைக் கற்றுக்கொடுப்பது குற்றமா, சேவையா? அடுத்த ஆண்டு மேலிடத்துக் காற்று திசை மாறியது. அவள்மேல் குற்றமில்லை என்று தாவ் வந்து சொன்னார். அதைக் காகிதத்தில் எழுதி, கூட்டத்தை மறுபடி கூட்டி, அதே உணவுக் கூடத்தில் படிக்கச் சொன்னாள். அவரும் படித்தார். பெய்லான் மறுநாள் தன் பட்டறை மேசைக்குத் திரும்பினாள். அந்தச் சனிக்கிழமையே படகேறினாள்.

ஐம்பது வயதில் ஓய்வு பெற்று லியூஜிங்குக்கே போய்விட்டாள். கணவரும் புலம்பிக்கொண்டே வாணலிகளோடு பின்னால் வந்தார். லூவின் பட்டறை வளர்ந்து முந்நூறு பேர் வேலை செய்யும் தொழிற்சாலையானது. தொழில்நுட்பத்தில் அவள் சொன்னதுதான் கடைசி வார்த்தை.

1998-இல் ஷாங்காயின் பழைய ஆலையை மூடிவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் அரசு ஆலைகளைப் பிரதமர் ஜூ ரோங்ஜி தயவு பார்க்காமல் கழித்துக்கட்டிய காலம் அது. பெய்லான் ஒரு பஸ்ஸோடு ஆலை வாசலில் போய் இறங்கினாள். லூவின் தொழிற்சாலையில் வேலை தருவதாகச் சொன்னாள்; வேலை போன நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். வழி முழுக்கச் சண்டை.

"மாவோ காலத்துல இப்படி நடுத்தெருவுல விட்டாங்களா? வேலைன்னா சாகுற வரைக்கும் வேலை!"

"சோறும் ரேஷன் சீட்டுக்குத்தானே குடுத்தாங்க, அதையும் சொல்லு! டெங் வரலைன்னா உன் வீட்டுல டிவி ஏது?"

"இப்ப அந்த டிவிய வித்துத்தான்யா சாப்பிடுறேன்!"

பெய்லான் குறுக்கே வரவில்லை. இருவர் சொன்னதிலும் தன் வாழ்க்கை இருந்தது என்று அவளுக்குத் தெரியும். "கத்தி முடிச்சவங்க கை தூக்குங்க. லேத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டாள்.

கடைசி இருக்கையில் ஒருவர் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தாவ்.

லியூஜிங்கில் தாவ் இறங்கியதைப் பார்த்ததும் லூவின் முகம் கறுத்தது. அவளைத் தனியே இழுத்தான். "உங்களப் பெருக்க வச்ச ஆளையுமா அக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

"செயலாளர் ஆகுறதுக்கு முன்னால அவரு வார்ப்புப் பட்டறையில இருந்தவரு. இரும்பு ஊத்துற அச்சு மண்ணக் கையில அள்ளியே ஈரம் சொல்லுவாரு; ஈரம் கூடினா வார்ப்புல குமிழி விழும். உன்கிட்ட அப்படி ஒரு ஆள் இருக்காரா?"

இல்லை. லூ தாவை வார்ப்புக் கூடத்துக்கு அனுப்பினான்.

இரண்டாம் வாரமே தாவ், ஒரு லாரி வார்ப்புகளை உள்ளே குமிழி இருப்பதாகச் சொல்லி ஒதுக்கிவிட்டார். லூ கொதித்துப்போய் ஓடி வந்தான். "நாளைக்கு அனுப்ப வேண்டிய சரக்கு! இங்க வந்தும் கட்சிக் கூட்டம் நடத்துறாரா?"

பெய்லான் ஒன்றை எடுத்து அறுத்துப் பார்த்தாள். உள்ளே அரிசி அளவில் ஓட்டைகள். "மொத்தத்தையும் திரும்ப உருக்குங்க" என்றாள்.

தாவ் கையைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் மேலேருந்து வந்த..."

"தெரியும். என்மேல குத்தமில்லன்னு எழுதுன கடுதாசிய ஒரு வார்த்தை விடாம படிச்சீங்க. பார்த்தேன். வாங்க, மண்ணக் காட்டுங்க. தண்ணி ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்தி" என்றார் தாவ். இருவரும் அச்சு மண் குவியலை நோக்கி நடந்தார்கள்.