இருபத்தொன்பது தரம் வாவிக்குப் போனவர்

யுத்த காலத்தில் எங்கள் வாவியில் தோணி இறக்கவும் பாஸ் வேண்டும். மீனவர் சங்கம் ஆளுக்கொரு கடிதம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும். முகாமில் முத்திரை குத்தினால் அதுதான் பாஸ். அந்தச் சங்கத்தின் எழுத்தர் நான்.

யாரோ ஒரு புண்ணியவான் சங்கத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பது பேரின் பெயர்களை வரிக்கு ஒன்றாக ஒரு ஃபைலில் போட்டேன். பிறகு பத்து வரியில் ஒரு புரோகிராம்: ஃபைலைத் திற, ஒரு வரி வாசி, அந்தப் பெயரில் கடிதம் எழுது, ஃபைலை மூடு. இப்படி முப்பது தரம் செய்.

ஒவ்வொரு தரமும் மூடித் திறந்தால் ஒவ்வொரு தரமும் முதல் வரிதான் வரும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. ஜெனரேட்டரில் மண்ணெண்ணெய் தீருமுன் அச்சடிக்கும் அவசரத்தில் வாசித்துப் பார்க்கவுமில்லை. முகாம் அதிகாரியும் வாசிக்கவில்லை. ஒரே பெயரில் இருந்த முப்பதிலும் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் காலை துறையடிக் காவல் சென்றியில் சிப்பாய் கடிதத்திலிருந்த பெயரைக் கொப்பியில் பதிந்து இருபத்தொன்பது பேரை அனுப்பிவிட்டார். முப்பதாவதாக வந்தவர்தான் அந்த முதல் வரிக்காரர். தோணியின் ஓட்டையை அடைத்துவிட்டு வரச் சுணங்கிவிட்டது.

"நீ போயாச்சு," என்றாராம் சிப்பாய், அப்போதுதான் கொப்பியைப் புரட்டிப் பார்த்து. "இருபத்தொன்பது தரம்."

அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் வாயில் இருந்த பாண் அப்படியே நின்றது. சைக்கிளின் பூட்டு திறக்கவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதை விட்டுவிட்டும் ஓடலாம் என்பது சென்றிக்குக் கிட்டப் போன பிறகுதான் தோன்றியது.

அவர் மணல்மூட்டையில் இருந்தார். "என்ன தம்பி, நான் ஒரே நேரத்தில இருபத்தொன்பது தோணி வலிக்கிறனாமே?"

சிப்பாய்க்கு விளக்குவதற்காக அவருடைய கொப்பியையே எடுத்தேன். திறந்தேன், முதல் வரியில் விரலை வைத்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன். மூன்றாம் தரம் கொப்பியைப் பறித்து என்னையும் மூட்டையில் இருத்திவிட்டார்.

அதிகாரி வந்தார். முப்பதாவது கடிதத்தையும் கொப்பியையும் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்ததும் என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "போன ஆள் எல்லாம் வரணும். இருபத்தொன்பது தரம் வந்தால் இவர் வீட்டுக்குப் போகலாம்."

பகல் முழுக்க அந்த முதல் வரிக்காரர் திரும்பி வருவதை அவரும் நானுமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோணி கரை தட்டும்போதெல்லாம், "இந்தா, வந்துட்டன்," என்பார். இருபத்தெட்டு ஆயிற்று. பிறகு வாவியில் ஒன்றையும் காணவில்லை. காற்று வேறு கிளம்பிவிட்டது.

"தம்பி, நான் இன்னும் ஒருக்கா வரல்லியே. தண்ணிக்குள்ள தாண்டு போனனோ?"

"சும்மா இருங்க அண்ணன்!" கடைசித் தோணிக்காரர் கவிழ்ந்திருந்தால் அவரும் போய், கொப்பிப்படி இவரும் போய்விடுவார். எந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சொல்வது? எனக்குத் தெரிந்த சாமியெல்லாவற்றுக்கும் நேர்ந்தேன். முதல் வரியிலேயே நிற்காமல் கடைசிவரை போனது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

வெயில் சாயும் நேரம் கடைசித் தோணி தெரிந்தது. இறால் பாரத்தில் தாமதமாம். சிப்பாய் பதிந்து முடித்ததும் இவர் எழுந்து சாரத்தைத் தட்டினார். வீட்டுக்குப் போகாமல் துறையில் நின்றிருந்த இருபத்தொன்பது பேர் முன்னால் கூடையொன்றை வைத்தார்.

"எல்லாம் என்ட பேரில பிடிச்சது. ஆளுக்கு ரெண்டு கை மீன் போடுங்க கா."

ஒருவரும் மறுக்கவில்லை. கூடை நிரம்பி வழிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சைக்கிளையே தூக்கிக்கிட்டு ஓடி வந்த ஆள்தானே. இதையும் தூக்கு."