பதினான்காம் இலக்கத் தடை

கொட்டாஞ்சேனை கொன்ஸ்ரன்ரைன் அவர்கள் முப்பத்தொரு வருடம் மேலே போய்க் கீழே வந்தவர். ஒரு தனியார் மருத்துவமனையில் லிப்ற் இயக்குநர். பொத்தானை அழுத்தவும் ஓர் ஆள் வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில் கிடைத்த பதவி அது. அவருடைய நட்புகளெல்லாம் ஆறு மாடி உயரமானவை. கீழ்த்தளத்தில் "எப்படி, சுகமா?" என்று ஒருவர் கேட்பார். இவர் பதிலைத் தொடங்குவார். நாலாம் மாடியில் கதவு திறந்துவிடும். மீதிப் பதிலை யாரும் திரும்பி வந்து கேட்டதில்லை. கலியாணம் பேசிவந்த இரண்டு இடங்களும் இப்படித்தான் நடுவில் இறங்கிக்கொண்டன.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு மின்வெட்டால் தவணை முறையில் இருட்டாக்கப்பட்டபோது, மருத்துவமனை ஜெனரேற்றருக்கு அடியில் ஒரு தெருநாய்க் குட்டி வந்து படுத்தது. அந்த இயந்திரம் முழங்கினால் வைத்தியர்களே காதைப் பொத்துவார்கள். குட்டியோ குறட்டை விட்டது. கொன்ஸ்ரன்ரைன் ஓய்வுபெற்றபோது நிர்வாகம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. குட்டியை அவரே எடுத்துக்கொண்டார். பெயர் ஜெனரேற்றர்; பெண்பிள்ளை என்பதால், செல்லமாக ஜெனி.

விசர்நாய்த் தடுப்பூசி போட வரிசையில் நின்றபோது பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி துப்பாக்கிபோல வெடித்துப் புகை கக்கியது. வரிசையிலிருந்த நாய்களும் சில எசமான்களும் ஓடினார்கள். ஜெனி கொட்டாவி விட்டது. இதை நிம்றா பார்த்துவிட்டார். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும், வெளிநாட்டு நாய் வாங்க வசதியில்லாத, தெஹிவளைச் சங்கமொன்றின் அதிகாரி அவர்.

"அங்கிள், இந்த நாய்க்குக் காது கேக்கிறல்லையா?"

"கேக்கும் மகள். கணக்கெடுக்காது."

அன்று தொடங்கிய பயிற்சி இரண்டு வருடம் நடந்தது. ஜெனியின் முதுகுப் பட்டியில் ஒரு கைப்பிடி. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிய கொன்ஸ்ரன்ரைன் கொட்டாஞ்சேனை நடைபாதைகளில் நடந்தார். கொழும்பு நடைபாதை என்பது நடப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயன்படுவது. மூடியில்லாத சாக்கடைக் கான், செருப்புக் கடை, நெற்றி உயரத்தில் தகரக் கூரை. இவற்றை நாய் தனக்காக மட்டுமல்ல, பக்கத்தில் வரும் மனிதரின் தோளுக்கும் தலைக்கும் சேர்த்து இடம்விட்டுச் சுற்றவேண்டும்.

"என்ன மச்சான், நீ நாயைப் பழக்குறியா, நாய் உன்னைப் பழக்குதா?" என்று தையற்கடை றேமண்ட் வாசலிலிருந்து கத்துவார்.

"முறை வச்சிருக்கிறம்."

கடினமான பாடம் கீழ்ப்படியாமை. வாகனம் வரும்போது 'நட' என்றால் நடக்கக்கூடாது. மேலிடத்து உத்தரவானாலும் பிழையென்றால் நிற்கவேண்டும். இந்தப் பாடத்தில் இந்நாட்டு நாயொன்று எட்டே மாதத்தில் தேறியது. ஏனையோரின் பெறுபேறுகள் இன்னும் வெளியாகவில்லை.

பிறகு சங்கம் ஜெனியை ஜெகதீஸ்வரிக்கு என்று முடிவு செய்தது. வெள்ளவத்தையில் தம்பி குடும்பத்தோடு மூன்றாம் மாடியில் இருப்பவர். ஒரு காலத்தில் மாணவர்கள் பயந்து நடுங்கிய கணித ரியூசன் ரீச்சர். சீனி வருத்தம் எட்டு வருடங்களுக்கு முன் கண் இரண்டையும் கொண்டுபோய்விட்டது.

"நாய் வந்தா எங்க போகப்போறீங்க ரீச்சர்?" என்று கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.

"கடற்கரைக்கு."

"ஆரோட?"

"ஆரோடையும் இல்லை. அதுக்குத்தானே நாய்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னார். "எட்டு வருசமா என்ரை கை என்னட்டை இல்லை அண்ணை. காலமை மச்சாள் பிடிப்பா, பின்னேரம் தம்பி, இடையிலை வேலைக்கு வாற றோஸி. எல்லாரும் நல்ல சனம், குறை சொல்லேலாது. ஒரு அரை மணித்தியாலம் தனிய இருந்தால் காணும்."

கொன்ஸ்ரன்ரைன் தலையாட்டினார். அந்தச் சரக்கு அவர் வீட்டில் கூரை முட்டக் கிடந்தது. அதற்கும் ஒரு கிராக்கி உண்டென்பது அவருக்குப் புதிய தகவல்.

மூன்று வாரம் ஜெனியும் ரீச்சரும் சேர்ந்து பழகினார்கள். கொன்ஸ்ரன்ரைன் பத்தடி பின்னால், வாய் திறக்காமல் வரவேண்டும் என்பது விதி. ஜெனி வெள்ளவத்தையிலேயே தங்கியது. கொட்டாஞ்சேனை வீட்டில் சோற்றுக் கோப்பையிலிருந்து ஒரு துண்டு மீனைப் பழக்கத்தில் கீழே நீட்டிய கொன்ஸ்ரன்ரைனுக்கு, அங்கே எவரும் இல்லாதபடியால் அதைத் தானே சாப்பிட நேர்ந்தது.

இறுதிப் பரீட்சைக்கு நிம்றாவின் பைலில் பதினான்கு தடைகள் இருந்தன. குப்பைப் பை, மோட்டார் சைக்கிள் என்று போய், பதினான்காம் இலக்கத்தில் 'வளர்த்தவர்' என்று இருந்தது. அவர் வழியில் அசையாமல் நிற்கவேண்டும். நாய் அவரைக் கடந்து போகவேண்டும்.

"கடக்காட்டி?" என்று, மழை வருமா என்று கேட்பவரைப்போலக் கேட்டார் கொன்ஸ்ரன்ரைன்.

"நிண்டா பெயில் அங்கிள். நாய் ஒங்களுக்கே. ரீச்சருக்கு அடுத்த நாய் வர ரெண்டு மூணு வருஷம் எடுக்கும். பாஸ் பண்ணினா மூணு மாசத்துக்கு நீங்க நாயைப் பாக்க ஏலாது."

"மூண்டு மாசம் கழிச்சு வீட்டை வாங்கோ அண்ணை, தேத்தண்ணி தாறன்," என்றார் ஜெகதீஸ்வரி. "கடற்கரைப் பக்கம் மட்டும் வராதேங்கோ."

பரீட்சை நாள் காலையில் கொன்ஸ்ரன்ரைனின் சட்டைப்பையில் ஒரு மாலுபாண் இருந்தது. மீனும் உருளைக்கிழங்கும் வைத்து முக்கோணமாக மடித்த, இன்னும் சூடு ஆறாத மாலுபாண். ஜெனியின் அப்பழுக்கற்ற வாழ்வில் ஒரேயொரு பலவீனம் அதுதான். அவர் காலையில் சாப்பிடாமல் வந்தார். வழியில் பேக்கரி திறந்திருந்தது. விசாரணைக் கமிஷன் வைத்தாலும் இதைவிட அதிகம் தெரியவராது.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் நடுவில் அவர் நின்றார். எதிரே, காலி வீதி என்ற பெருந்தெருவின் மஞ்சள் பாதசாரிக் கடவையில் ரீச்சரும் ஜெனியும். பின்னால் பைலோடு நிம்றா. ரீச்சர் "நட" என்றார். ஜெனி நடக்கவில்லை. ஒரு தனியார் பஸ் கடவை என்றும் பாராமல் பறந்தது. அதன் பிறகே ஜெனி நடந்தது.

ஒழுங்கைக்குள் வந்தபோதுதான் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒன்று தெரிந்தது. மூன்று வாரமும் அவர் பார்த்தது ரீச்சரின் முதுகை. நடக்கும்போது அந்த முகத்தைப் பார்த்ததில்லை. நாடி நிமிர்ந்திருந்தது. ஒருவரும் பிடிக்காத வலது கை தன்பாட்டில் முன்னும் பின்னும் வீசிக்கொண்டு வந்தது. நெடுநாள் பிழையாய் வந்த கணக்கு சரிவந்த முகம்.

ஜெனியின் மூக்கு உயர்ந்தது. கால் தளர்ந்தது.

"ஜெனி? என்னடி?" என்றார் ரீச்சர்.

கொன்ஸ்ரன்ரைன் சட்டைப்பைக்குள் கைவிட்டு மாலுபாணை எடுத்து முழுதாக வாய்க்குள் திணித்தார். அசையக்கூடாது என்ற விதி பகிரங்கமாக மீறப்பட்டது. வாய் அடைபட்டதால், பெயரைச் சொல்லி அழைத்துவிடும் ஆபத்தும் நீங்கியது.

ஜெனி அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தது. பிறகு ரீச்சரின் தோளுக்கும் சேர்த்து இடம்விட்டு, மின்கம்பத்தைச் சுற்றுவதுபோல அவரைச் சுற்றிப் போனது. ஒரு குறையும் சொல்லமுடியாத சுற்று. அவர் கற்பித்தது.

"மாலுபாண் மணக்குது," என்றார் ரீச்சர், நடையை நிறுத்தாமல். "அண்ணைக்கு இப்பதான் காலமைச் சாப்பாடு போல."

அண்ணை மென்றுகொண்டிருந்தார்.

நிம்றா வந்து பைலில் எழுதினார். "அங்கிள், அசஞ்சீங்க. நாய் பாஸ், நீங்க பெயில்."

விழுங்கியபின் கொன்ஸ்ரன்ரைன் கேட்டார். "திருப்பி எழுத ஏலுமா?"

"தேவல்ல அங்கிள்," என்று சொல்லிவிட்டு நிம்றா வேறு பக்கம் பார்த்தார்.

ஒழுங்கை முடிவில் நின்று பார்த்தால் மறைன் டிறைவ் என்ற கடலோர வீதியும் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்துச் சீமெந்துக் கட்டின்மேல் ரீச்சர் அமர்ந்திருந்தார். காலடியில் ஜெனி. ஒரு ரயில் தடதடத்துப் போனது. ஜெனி காதைக்கூட அசைக்கவில்லை. ரீச்சர் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டதா என்று கொன்ஸ்ரன்ரைன் பரிசீலித்தார். ஒரேயொரு குறை இருந்தது. பின்னால் ஓர் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்குறையை நிவர்த்தி செய்ய அவர் திரும்பி நடந்தார்.

காலி வீதி மஞ்சள் கடவையில் வாகனங்கள் அவருக்காக நின்றன. இடது கை கைப்பிடியின் பழக்கமான உயரத்தில் மடிந்திருக்க, அவர் விளிம்பிலேயே நின்றார்.

"போறீங்களா இல்லையா அண்ணே?" என்று ஒரு முச்சக்கரவண்டிக்காரர் கத்தினார்.

போனார்.