மேல்மடுவத்துக்கு ஏறிய நாற்காலி

முதல்முறை மலைக்குப் போனபோது அக்கா இருந்தாள், அத்தான் இருந்தார், அத்தானின் தம்பி இருந்தான், துணைக்கு அடுத்த வீட்டுச் சித்தி இருந்தார், நான் இருந்தேன். அம்மா வரவில்லை. "காலு போன புள்ளைய மலையில ஏத்தி என்னத்தக் காட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, வாசலை ஒட்டிய இஸ்தோப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளான லயத்தின் சுவரோரமாக, அக்காவின் சக்கர நாற்காலி நின்றது. அதுவும் வரவில்லை. வராதவர்களில் அதையும் சேர்க்க வேண்டும் என்று அன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

இலங்கையின் நமுனுகுல மலைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்துக் கூலிக் குடும்பம் எங்களுடையது. அக்கா பதினோரு வருடம் கொழுந்தெடுத்தவள். அவள் எடுத்த கொழுந்தில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக ஆசிரியர் நியமனமும் பெற்றேன். ஒரு மழை நாளில் நிறைந்த கூடையோடு படிக்கல்லில் வழுக்கி விழுந்தவளுக்கு முதுகெலும்பு போனது, பிறகு கால்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாற்காலி இஸ்தோப்பின் பன்னிரண்டு அடிக்குள் முன்னும் பின்னும் உருண்டது. அந்த நாட்களில்தான் நான் சாரணர் பயிற்சிக்குப் போய், கூடாரத்தில் தங்கித் திரும்பி, அதைப் பற்றி ஒரு வாரம் ஓயாமல் பேசினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒரு நாள் சொன்னாள்: "பதினோரு வருசம் அந்த மலையிலதான்டா நின்னேன். செடியத்தான் பாத்தேன். ஒரு நாளாவது சும்மா போயி ஒக்காந்து பாக்கணும்."

எங்கள் லயங்களிலிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் கம்பளியில் படுக்கவைத்து, மூங்கிலில் கட்டித் தூக்கிப் போவதுதான் வழக்கம். அக்காவையும் அப்படியே தூக்கினோம். "எலேய், புள்ள பெத்துக்கவா கொண்டு போறீங்க?" என்று அவள் கம்பளிக்குள்ளிருந்து கேட்க, சிரிப்பில் அத்தானின் தோளிலிருந்து மூங்கில் நழுவப் பார்த்தது. செடிகளுக்கிடையே ஏறும் குறுக்குப் பாதையில் முக்கால் மணி நேரம். கொழுந்து நிறுக்கும் மேல்மடுவத்தைத் தாண்டி, யூகலிப்டஸ் மரங்களுக்கு அருகே உள்ள புல்தரையில், ஒரு பாறைமேல் அவளை வைத்தோம். நாற்காலியும் பாரம், ஆளும் பாரம் என்று நாற்காலியை விட்டுவிட்டு வந்திருந்தோம். பிறகு நாங்கள் ஆளுக்கொரு பக்கம் காட்சி பார்க்கப் போனோம். சித்தி சுள்ளி பொறுக்கப் போனார். நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் அக்காவின் முகத்துக்கு நேரே வந்திருந்தது. ஒதுங்கப் போக வேண்டியிருந்தும் சித்தி வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

மூன்று நாள் கழித்து, "மலை எப்படிக்கா இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"நீங்க போனீங்க தம்பி. என்னயக் கொண்டு போனீங்க. மாரியம்மனத்தான் வருசா வருசம் தூக்கிட்டுப் போறோம், அவளுக்கு எந்தப் பக்கம் பாக்கணும்னு யாராச்சும் கேட்டோமா?"

படித்தவன் என்ற நினைப்பு அன்று கொஞ்சம் கரைந்தது. அவளே தொடர்ந்தாள்: "கொழுந்து லொறி ஏறுற ரோட்டுல என் வண்டி ஏறாதா?" அந்தப் பாதையை நாங்கள் யோசித்ததே இல்லை. கால் உள்ளவன் எவனும் பதினான்கு வளைவு சுற்றி மலை ஏறமாட்டான்; எல்லோருக்கும் குறுக்குதான். ஆனால் பாரம் ஏற்றிய லொறிக்காகப் போட்ட பாதை அது. எங்கேயும் செங்குத்து கிடையாது, படியும் கிடையாது. சரளைக் கல்லில் நாற்காலியின் சின்னச் சக்கரங்கள் புதையும் என்பது மட்டுமே சிக்கல். தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தான், குழந்தைச் சைக்கிள் ஒன்றின் முன்சக்கரத்தைத் தண்டோடு கழற்றி நாற்காலியின் முன்னால் பொருத்தினார். சின்னச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தொங்கின.

லொறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா, அத்தான், அவர் தம்பி, நான் என்று கிளம்பினோம். இரவு மேலேயே தங்க, என் முதுகில் பாடசாலைச் சாரணர் கூடாரம். அக்கா போட்ட சட்டம் ஒன்றுதான்: இறங்கும்போது பின்னால் கயிறு பிடிக்கலாம், ஏறும்போது தள்ளக் கூடாது. ஏழாவது வளைவில் அவள் மூச்சு வாங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் கை வைத்துவிட்டேன். சக்கரத்தை இறுகப் பிடித்து நிறுத்தினாள். "கைய எடுங்க வாத்தியாரே. ஒங்க பரீட்சைய நான் எழுதுனேனா?" எடுத்துவிட்டேன். நாலு மணி நேரம் ஆனது.

மேலே போய்ச் சேர்ந்ததும் அவள் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் மரங்களுக்குப் பின்னால் உருண்டு போனாள். அரைமணி நேரம் ஆளைக் காணோம். தேடிப் போக எழுந்த என்னிடம், "ஒக்காரு மச்சான், அவ போயிருக்கா," என்றார் அத்தான். திரும்பி வந்தபோது சக்கரமெல்லாம் சேறு, மடியில் ஐந்தாறு கொய்யா. எங்கே போனாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கொய்யாவைப் போல் நான் தின்றதில்லை.

திங்கட்கிழமை காலை, பெரட்டில் பேர் பதிந்து வேலை பிரித்து முடிந்து, கொழுந்துக்கு ஏறி வந்த பெண்கள் கூடாரத்தைக் கண்டு திகைத்து நின்றார்கள். கங்காணி மட்டும் முகம் மாறாமல் கேட்டார்: "என்னம்மா, எல்லாருக்கும் முந்தி வந்திட்ட! கூடை எங்க?"

"கூடைக்குள்ளதான் ஒக்காந்திருக்கேனுங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பு கீழ் லயம்வரை கேட்டதாக அம்மா பிறகு சொன்னார்.

எல்ல என்ற ஊர்ப் பக்கம் போகும்போது, மலைகளில் வெளிநாட்டுக்காரர்களின் வண்ணக் கூடாரங்களை இப்போது பார்க்கிறேன். நன்றாகத்தான் இருக்கின்றன. இன்றும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் இஸ்தோப்பில் நாற்காலி இல்லை, அம்மாவும் இல்லை. முன்னால் அக்கா உருட்ட, பின்னால் அம்மா இறக்கத்துக்கான கயிற்றைச் சுமக்க, பதினான்கு வளைவிலும் வாய் ஓயாமல் ஏறிக்கொண்டிருப்பார்கள். முதல்முறை வராத இருவரும் இப்படி மாதம் ஒரு தடவையாவது போய்விடுகிறார்கள். இதற்கு எங்களுக்கு ஆன செலவை எண்ணிப் பார்த்தேன்: அத்தானுக்கும் அவர் தம்பிக்கும் ஒரு திங்கட்கிழமைச் சம்பளம், எனக்கு ஒரு நாள் லீவு, குழந்தைச் சைக்கிள் ஒன்றின் முன்சக்கரம், அக்காவின் உள்ளங்கைகளில் நாலு கொப்புளம்.