மூன்று செம்புத் தண்ணீர்

ஐம்பதுகளின் நடுவில், சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க நாங்கள் உத்தனப்பள்ளிக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. அப்பாவுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சரளமாகப் பேச்சு வரும். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு மாடுகளைத் தவிர யாரோடும் பேச வராது. அதனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா அவரை ஓரமாக நிறுத்தி ஏற்பாடு சொன்னார்.

“பொண்ணு புடிச்சிருந்தா தண்ணி கேளு. புடிக்கலைன்னா துண்டால மூஞ்சியத் தொடச்சிக்க. மீதிய நான் பேசிக்கறேன்.”

நான் வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பெண் வந்து வணங்கிவிட்டு, கச்சாயப் பலகாரத் தட்டை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது. சித்தப்பா ஒரே ஒரு முறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நெற்றியில் குப்பென்று வியர்த்தது. துண்டை எடுத்து முகம், கழுத்து, காது எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “தங்கமான பொண்ணுங்க. கொறை சொல்ல ஒண்ணுமில்ல. எங்க பக்கம் பெரியவங்க நாலு பேரு இருக்காங்க…”

பெண்ணின் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளத் தொடங்கினார். எனக்கு அழுகை முட்டியது.

“அவங்கள ஒரு வார்த்தை கேக்காம நாங்க…” என்று அப்பா இழுத்தார்.

“தண்ணி வேணும்” என்றார் சித்தப்பா, வீடே திரும்பிப் பார்க்கும்படி. கையிலிருந்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அப்பா அவரை ஒரு கணம் பார்த்தார். “…வரலைங்க” என்று வாக்கியத்தை முடித்தார். “எல்லாரும் சரின்னு சொல்லித்தான் அனுப்புனாங்க.”

தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் அன்று சித்தப்பா பிழைத்தார்.

பெண்ணே தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணனுக்கு இன்னும் சந்தேகம் இருக்குமோ என்று பயந்தாரோ என்னவோ, சித்தப்பா குடித்துவிட்டு மறுபடியும் கேட்டார். அவளே மறுபடியும் முந்திக்கொண்டு வந்தாள். மூன்றாம் முறை பெண்ணின் அப்பாவே சிரித்துவிட்டார். “வெயில் ஜாஸ்திங்க” என்றார் அப்பா. நிச்சயத்துக்கு நாள் பேசிவிட்டுக் கிளம்பினோம்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மட்டும் மனசு சரியில்லை. சித்தப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் செம்புக்குள் எட்டிப் பார்த்திருந்தேன். மூன்று தடவையும் கால் செம்புத் தண்ணீர்தான் இருந்தது.

“அவங்க வீட்ல தண்ணிக் கஷ்டம் போலம்மா” என்றேன். “சித்திய சீக்கிரமா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. அவளும் சித்திக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, ஓசூர் வரும்வரை அவள் கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.